குழு நோட்டுதான் நமக்குப் பத்திரம்: மகளிர் குழு தொடங்கி முதல் வங்கிக் கடன் வாங்குவது வரை

"அக்கா, லோன் எப்ப வரும்?"

புதுத் தெருவில் குழு சேர்க்கப் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து அனுப்பும் பணம் போதவில்லை, தண்டல்காரர் திங்கட்கிழமை வந்து வாசலில் நிற்கிறார். அப்படி இருக்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்? அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2003-இல் குழு உறுப்பினராகச் சேர்ந்தேன், குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநராக இருந்தேன், இப்போது மற்ற குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களை முதலில் தொடங்கியது இங்கேதான், 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. எங்கள் அம்மாக்கள் காலத்தில் கைநாட்டு வைத்துத் தொடங்கிய வேலை இது.

நிலப் பத்திரமோ நகையோ இல்லாத ஒருத்திக்கு வங்கி எதை நம்பிப் பணம் கொடுக்கும்? குழுவின் நோட்டை நம்பித்தான். வாராவாரம் கூடியதற்கும், சேமித்ததற்கும், உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்கியதற்கும் அந்த நோட்டுதான் சாட்சி. பத்திரம் வைத்திருப்பவர் அதை எப்படிப் பாதுகாப்பாரோ அப்படி அந்த நோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

யாரைச் சேர்ப்பது

ஒரே தெரு, ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்குத் தெரிந்த இடம். 12 முதல் 20 பேர் வரை சேரலாம். வீட்டுக்கு ஒருவர்தான். மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும், போக்குவரத்து கடினமான மலைக் கிராமங்களில் அமைக்கும் குழுவுக்கும் 5 பேர் இருந்தாலே போதும். சித்தேரி மலைப் பக்கம் இது தெரியாமல் "ஆள் சேரல" என்று விட்டுவிட்ட ஊர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் 2023 ஜனவரி 5, வியாழக்கிழமை, 14 பேரோடு ஒரு குழு தொடங்கினோம். அதையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன், அப்போதுதான் கணக்கு புரியும். அந்த 14 பேரில் இருவர் கணவரை இழந்தவர்கள். ஒருவர் வருடத்தில் நாலு மாதம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர். அவரைச் சேர்க்கலாமா என்று பெரிய வாக்குவாதம். "வாராவாரம் வரமாட்டா, கணக்குக் கெட்டுப்போகும்" என்றார்கள். உண்மையில் ரொம்பக் கஷ்டப்படும் வீடு அதுதான். அப்படிப்பட்டவரை வெளியே விட்டுவிட்டு ஏழைகளுக்கான குழு என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை. ஊருக்குப் போகும்முன் நாலு மாதச் சேமிப்பை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், வராத கூட்டத்துக்குக் காரணம் தீர்மான நோட்டில் எழுத வேண்டும் என்று முடிவு செய்து சேர்த்தோம். இன்றுவரை அவர் பாக்கி வைத்ததில்லை.

ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். இவர்களை ஊரில் வசதியானவர், பேசத் தெரிந்தவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டுகிறவராக இருந்தால் போதும்.

குழு பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க வங்கிக்குப் போகும்போது எல்லாருடைய ஆதாரையும் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கணக்குத் தொடங்கும் நேரத்தில் பொறுப்பாளர்களின் ஆவணங்கள் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மற்ற உறுப்பினர்களின் ஆவணங்களைக் கடன் வாங்கும் கட்டத்தில் கேட்கலாம்.

நோட்டு எழுதுவது

நான் முதலில் இருந்த குழு 2009-இல் உடைந்தது. வங்கிக்குப் போய்வருகிற ஒரு பொறுப்பாளர் மூன்று தடவையாக 38,000 ரூபாய் எடுத்திருந்தார். எங்களுக்குத் தெரியவே இல்லை. பாஸ்புக் அவர் வீட்டு பீரோவில் இருந்தது, நாங்களும் கேட்கவில்லை. கையெழுத்து கேட்டபோது நம்பிப் போட்டோம். அந்த மூன்று தாளில் ஒன்றில் என் கையெழுத்தும் இருந்தது. அதில் சேமித்திருந்த ஒரு கிழவி, பேத்தி சடங்குக்கு என்று வைத்திருந்த 2,600 ரூபாய் போனதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் எந்தக் குழுவுக்குப் போனாலும் முதலில் ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறேன். கூட்டம் தொடங்கியதும் பாஸ்புக்கைக் கடைசிப் பதிவு வரை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவர் ஒவ்வொரு வாரமும் மாற வேண்டும். படிக்கத் தெரியாதவர் முறை வந்தால் அவர் பேத்தியோ மகனோ வந்து வாசிக்கட்டும். எண்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

வைத்திருக்க வேண்டிய நோட்டுகள்: வருகையும் தீர்மானமும் எழுதும் நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு, கடன் பேரேடுகள், பொதுப் பேரேடு, அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் தனிநபர் பாஸ் புத்தகம். இப்போது கைபேசிச் செயலியிலும் கூட்டக் கணக்கை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றுங்கள். ஆனால் தாள் நோட்டை நிறுத்தாதீர்கள்.

எழுதும்போது தப்பு வரும். வந்தால் வெள்ளை மை தடவாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். தப்பான எண்ணின் மேல் ஒரே கோடு போடுங்கள், பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் சின்னதாகக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் நோட்டில் மே மாதம் ஒரு வரி இருக்கிறது: சேமிப்பு 700 என்பதற்கு 7,000 என்று எழுதி, கோடு போட்டு, 700 என்று திருத்தி, இரண்டு கையெழுத்து. கடன் கொடுக்கும் முன் குழுவின் தரம் பார்க்க வந்த வங்கி அலுவலர் அந்த வரியில் விரலை வைத்து, "இதுதாம்மா எனக்கு வேணும்" என்றார். அடித்தல் திருத்தலே இல்லாமல் ஒரே மையில் அழகாக இருக்கும் நோட்டைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வரும், ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது என்று. பல குழுக்கள் அப்படித்தான் எழுதுகின்றன. கூட்டம் நடந்த அன்று, அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும் எழுதி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

கடைப்பிடிக்க வேண்டிய ஐந்தை 'பஞ்ச சூத்திரம்' என்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுவது, அன்றன்று கணக்கு. இதில் பலர் விட்டுவிடுவது உள்கடன். பணத்தை வங்கியில் பத்திரமாகச் சேர்த்து வைத்தால் நல்ல பெயர் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. உள்ளுக்குள்ளேயே 500, 1,000 என்று கொடுத்து வாங்கிய குழுவுக்குத்தான் கடன் திருப்பத் தெரியும் என்று வங்கி நம்பும். மாத்திரை வாங்க, பள்ளிக்கூட நோட்டு வாங்க என்று சின்னதாகத் தொடங்குங்கள்.

எவ்வளவு கடன் கேட்கலாம்

குழு குறைந்தது 6 மாதம் இயங்கியிருக்க வேண்டும். அந்த 6 மாதத்தைக் கணக்கு நோட்டிலிருந்து எண்ண வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து இல்லை. இது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. கணக்குத் தொடங்கவே இரண்டு மாதம் இழுத்தடிக்கிற ஊர்களில் இந்த ஒரு வரி பெரிய உதவி. நின்றுபோன பழைய குழுவை மறுபடி எழுப்பினால் 3 மாதம் ஒழுங்காக நடத்திவிட்டுக் கேட்கலாம்.

முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல 6 மடங்கு, அல்லது குறைந்தது ஒன்றரை லட்சம், இதில் எது அதிகமோ அது. மொத்த நிதி என்றால் சேமிப்பு மட்டும் என்று நினைத்துக் குறைவாகக் கேட்டுவிடுகிறார்கள். உள்கடனில் வந்த வட்டியும், உள்ளுக்குள் கடனாகச் சுற்றிவிட அரசு கொடுத்த சுழல் நிதியும், வேறு வருமானம் இருந்தால் அதுவும் சேர்த்துத்தான் மொத்த நிதி.

எங்கள் குழுவில் 14 பேர், வாரம் தலைக்கு 50 ரூபாய். வாரத்துக்கு 700. 2023 ஜூலை 13 வரை 28 கூட்டம், சேமிப்பு 19,600. உள்கடன் வட்டி 1,400. சுழல் நிதி 15,000. ஆக 36,000. ஆறு மடங்கு 2,16,000. சேமிப்பை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் ஆறு மடங்கு 1,17,600-தான் வந்திருக்கும், குறைந்தபட்சமான ஒன்றரை லட்சத்தோடு நின்றிருப்போம்.

அன்று எழுதிய தீர்மானத்தை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்:

"13.07.2023 வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் நடந்த 28-ஆவது கூட்டத்தில் 14 உறுப்பினர்களில் 13 பேர் கலந்துகொண்டனர். வராதவர் வேலைக்காக வெளியூர் சென்றுள்ளார். குழுவின் மொத்த நிதி ரூ.36,000. நம் குழு வங்கிக் கிளையில் ரூ.2,16,000 கடன் கோருவது என்றும், கடன் ஆவணங்களில் ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்திடுவது என்றும், பெறும் கடனை நுண் கடன் திட்டத்தின்படி உறுப்பினர்களுக்கு வழங்குவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இதன் கீழே எல்லாருடைய கையெழுத்தும். இதன் நகல், எல்லாருடைய ஆதார் நகல், புகைப்படம், குழு பாஸ்புக் நகல், உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம், நுண் கடன் திட்டம், அதாவது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதிய திட்டம். இவ்வளவையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத விண்ணப்பம் மேசையில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

நுண் கடன் திட்டம்: இதில் நேரம் செலவழியுங்கள்

வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சண்டை வராது என்பதால் அப்படிச் செய்கிறோம். ஆனால் 2 லட்சத்தை 14 ஆகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 14,285 ரூபாய். அதில் மாடு வாங்க முடியாது, கடை போட முடியாது. தேவையில்லாதவர் கையில் செலவாகும், தேவையானவர் மறுபடி தண்டல்காரரிடம் போவார். தவணை மட்டும் 14 பேர் தலையிலும் ஏறும்.

எங்கள் திண்ணையில் இதற்காக மட்டும் மூன்று வியாழக்கிழமைகள் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எந்த மாதம் வேண்டும், எந்த மாதத்திலிருந்து கட்ட முடியும். இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

என் சின்னம்மா மகள் புளி வியாபாரம் செய்ய 30,000 கேட்டாள். எங்கள் பக்கம் புளி உலுக்குவது மாசி, பங்குனியில். வங்கிப் பணம் வருவது ஆவணியில் என்று தெரிந்துவிட்டது. ஆவணியில் அவள் கையில் 30,000 கொடுத்தால் மாசிக்குள் அது அரிசியாகவும் ஆஸ்பத்திரியாகவும் போய்விடும். அது அவள் குற்றமில்லை, பணம் இருக்கிற வீட்டுக்குத் தேவை தானாக வரும். அதனால் அந்த 30,000-ஐ முதலில் சாமந்தி போட்டிருந்த இன்னொரு உறுப்பினருக்கு உரத்துக்கும் பறிகூலிக்கும் கொடுத்தோம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பூ விற்று அவர் திருப்பிக் கட்டினார். அந்தப் பணம் மாசியில் புளிக்குப் போனது.

அவள் கணக்கையும் சொல்கிறேன். ஓட்டோடு இருக்கும் புளி கிலோ 30 ரூபாய்க்கு 1,000 கிலோ வாங்கினாள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டினால் பாதிக்குச் சற்று மேல்தான் சதை நிற்கும். அவளுக்கு 550 கிலோ வந்தது. மாமியாரும் அவளும் வாசலில் உட்கார்ந்து, கட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒன்றரை மாதம் செய்தார்கள். விரல் நுனி எல்லாம் புளி அரித்துத் தோல் உரிந்து, சோற்றில் கை வைத்தால் எரியும் என்பாள். தட்டி முடித்ததும் வியாபாரி வந்து கிலோ 75-க்குக் கேட்டார். முன்பெல்லாம் அப்போதே கொடுத்துவிடுவாள், கையில் பணம் இருக்காது. இந்த முறை உப்புத் தூவி, உள்ளே பிளாஸ்டிக் போட்ட சாக்கில் அடைத்து, ஆடி வரை வைத்திருந்து 100-க்குக் கொடுத்தாள். 55,000. புளியங்கொட்டை விற்றது தனி. காத்திருக்க முடிந்ததில் மட்டும் அவளுக்குக் கிடைத்தது 13,750 ரூபாய்.

வங்கி கொடுத்த 2 லட்சத்தில் மீதி 1,70,000 போனது இப்படி: கறவை மாட்டுக்கு 50,000, ஆட்டுக்கு 40,000, பெட்டிக்கடைக்கு 35,000, தையல் மெஷினுக்கு 20,000, கந்து வட்டி அடைக்க 25,000. கடைசியில் சொன்னதைப் பார்த்துச் சிலர் "தொழிலுக்குத்தானே கடன், வட்டி அடைக்கக் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். கொடுக்கலாம். அதிக வட்டிக் கடனை அடைப்பதும் ஏற்கப்பட்ட காரணம்தான். அந்த அம்மா நூற்றுக்கு 5 ரூபாய் வட்டியில் மாதம் 1,250 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தார், அசல் அசையவில்லை. குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய், முதல் மாத வட்டி 250. மாதம் 1,000 ரூபாய் அவர் வீட்டிலேயே நின்றது. எந்தத் தொழில் முதல் மாதமே 1,000 ரூபாய் தரும்? ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: குழுக் கடன் 2 லட்சத்தைத் தாண்டினால் குறைந்தது பாதியும், 4 லட்சத்தைத் தாண்டினால் முக்கால் பங்கும் வருமானம் தரும் வேலைக்குப் போக வேண்டும்.

வங்கியில் சொல்வார்கள், நீங்கள் சொல்ல வேண்டியது

எங்கள் விண்ணப்பம் முதல் தடவை திரும்பியது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, உறுப்பினர் ஒருவரின் கணவர் அதே கிளையில் பயிர்க்கடன் பாக்கி வைத்திருக்கிறார். இரண்டு, 20,000 ரூபாயைக் குழு பெயரில் வைப்பாகப் போட்டால் பார்க்கலாம்.

இரண்டுமே விதிக்கு மாறானது. உறுப்பினர் சிலரோ அவர்கள் குடும்பத்தாரோ பாக்கி வைத்திருப்பது, குழு பாக்கி வைக்காதவரை, குழுவுக்குக் கடன் கொடுக்கத் தடையாக இருக்கக் கூடாது. பாக்கி உள்ள உறுப்பினருக்கு மட்டும் வங்கிப் பணத்திலிருந்து கொடுக்கக் கூடாது. அதேபோல் கடன் கொடுக்க வைப்புத்தொகை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கிப் பிடித்துவைக்கவும் கூடாது. 10 லட்சம் வரை அடமானம், முன்பணம் எதுவும் வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கி இந்தச் சுற்றறிக்கையைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. வட்டார அலுவலகத்தில் ஒரு நகல் வாங்கி, அந்த வரிகளில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, நாலு பேராகப் போனோம். சண்டை போடவில்லை. "சார், இதை ஒரு தடவை பாத்துடுங்க" என்று மேசையில் வைத்தோம். அவர் படித்தார், ஒரு நிமிடம் பேசவில்லை, "சரி, திங்கட்கிழமை வாங்க" என்றார். ஆகஸ்ட் கடைசியில் 2 லட்சம் குழுக் கணக்கில் ஏறியது. நாங்கள் கேட்டதில் 16,000 குறைவுதான், அதற்கு மேல் நாங்கள் வாதாடவில்லை.

அப்படியும் நடக்கவில்லை என்றால் போகும் வழி இது. முதலில் உங்கள் ஒன்றியத்தில் மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் வட்டார இயக்க மேலாளர். அடுத்து ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மகளிர் திட்ட அலுவலகம். அங்கிருந்தே, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மாவட்ட மேலாளருக்கும் எழுதலாம். திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகவும் கொடுக்கலாம். வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. எல்லா இடத்திலும் அந்த ஒப்புகைச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

"ஃபைல் நகர" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உறுப்பினர் தலைக்கு 50,000-க்குள் வரும் குழுக் கடனுக்கு வங்கியே சேவைக் கட்டணம் எடுக்கக் கூடாது. இடையில் இருப்பவருக்கு எதற்கு?

வட்டி, 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீதம். எங்களுக்கு 2 லட்சத்துக்கு 24 மாதத் தவணை, மாதம் 9,000-க்குச் சற்றுக் குறைவு. உறுப்பினர்கள் குழுவுக்கு 12 சதவீதம் கட்டுகிறார்கள், வித்தியாசம் குழு நிதியிலேயே சேர்கிறது. வாரா வாரம் வசூலிக்கும் தனியார் நிதி நிறுவனங்களில் 24 சதவீத அளவில் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய மூச்சு. ஒரு வேண்டுகோள்: குழுக் கடன் வந்த பிறகு அந்த வாரக் கடனைப் புதுப்பிக்காதீர்கள். இரண்டு பக்கமும் கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தது.

கடனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

தொழில் தெரியாமல் கடன் வாங்க வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, முன்னோடி வங்கி நடத்துவது. தையல், கறவை மாடு, காளான் என்று பல பயிற்சிகள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், முடித்த பிறகும் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து உதவுவார்கள். எங்கள் தையல்காரப் பெண் அங்கே ஒரு மாதம் தங்கி ரவிக்கை வெட்டக் கற்றுவந்தாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று தயங்கினாள், மாமியாரிடம் குழுவே போய்ப் பேசியது. மாதச் சம்பள வேலைதான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு வேலையோடு சேர்ந்த இலவசத் திறன் பயிற்சிகள் தனியாக உண்டு, அதையும் அதே மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்தே பணம் பிடிக்கும் மத்திய அரசுக் காப்பீடுகள் இரண்டு உண்டு. விபத்துக் காப்பீடு, வருடத்துக்கு 20 ரூபாய், இறந்தால் 2 லட்சம், 18 முதல் 70 வயது வரை. ஆயுள் காப்பீடு, வருடத்துக்கு 436 ரூபாய், அதுவும் 2 லட்சம், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் போடாதீர்கள், வீட்டுக்காரர் பெயரிலும் போடுங்கள். மே கடைசியில் இரண்டுக்கும் பணம் பிடிப்பார்கள், அப்போது கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு நாள் பணம் இல்லாததால் காப்பீடு விட்டுப்போன வீடுகள் உண்டு. எங்கள் குழுவில் மே மாத மூன்றாவது கூட்டத்தில் எல்லாருடைய பாஸ்புக்கையும் இதற்காகவே பார்க்கிறோம்.

விற்பதற்கு, குழுப் பொருட்களுக்கு 'மதி' என்ற பெயர் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் பூமாலை வணிக வளாகம், அவ்வப்போது கல்லூரிச் சந்தை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். புளிக்காரிக்கு நாங்கள் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் ஆனது. அது இருந்ததால் கல்லூரிச் சந்தையில் அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டு விற்க முடிந்தது.

தவணை தவறாமல் முடித்தால் இரண்டாவது கடன் மொத்த நிதியைப் போல 8 மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம், எது அதிகமோ அது. எங்கள் குழு முதல் கடனை முடித்துவிட்டது. இரண்டாவது கடனுக்கான நுண் கடன் திட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். பெங்களூர் போகிறவர் இந்த முறை மாட்டுக்குக் கேட்டார், பால் சங்கத்தில் ஊற்றிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்று. புளிக்காரி 80,000 கேட்டாள், எடை மெஷினும் சேர்த்து. எந்த மாதம் வேண்டும் என்ற கட்டத்தில், நான் கேட்கும் முன்பே, 'மாசி' என்று எழுதியிருந்தாள்.